கல்லுக்கால் பந்தலில் குருக்கத்தி

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டைத் தாண்டினால் கிணறு. கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில் இருபதடிக்கு முப்பதடி வெறும் பொட்டல். சித்திரை வெயிலில் அங்கே செருப்பில்லாமல் நாலு எட்டு வைக்க முடியாது. வீடு நாலு புள்ளிக்கு, அதாவது நாலு பங்காளிக் குடும்பத்துக்கு, சொந்தம். அதனால் அந்த இடத்தில் யாரும் எதுவும் நட்டதில்லை. பொது இடத்தில் மரம் வைத்தால் நாளைக்குக் கணக்கு வரும் என்ற பயம்தான். நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று 2016இல் மதுரைக்கும் ஊருக்குமாக அலைய ஆரம்பித்தபோது, மரம் வேண்டாம், ஒரு கொடிப் பந்தல் போட்டுக்கொள்கிறேன் என்று பங்காளிகளிடம் கேட்டேன். கொடிதானே, வேண்டாமென்றால் அறுத்துப் போட்டுவிடலாம் என்று சரி சொன்னார்கள். இப்போது அந்தக் கொடியின் அடி என் மணிக்கட்டைவிடப் பருமன்.

கொடி எது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, குருக்கத்திதான். அப்பத்தா அதை மாதவி என்பாள். பழைய பாட்டுகளில் குருகு என்றும் வரும். பூம்புகார் மாதவிக்கு வைத்த பேரும் இந்தப் பூவின் பேர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் பெரிய மரங்களின் உச்சி வரைக்கும் ஏறிப் போகிற கட்டைக்கொடி இது. காட்டில் முப்பது மீட்டர்கூடப் போகும். அப்படிப்பட்டது வறண்ட செட்டிநாட்டுச் செம்மண்ணில் வருமா என்றுதான் பலரும் கேட்டார்கள். கோயில் நந்தவனங்களில் ரொம்பக் காலமாக வளர்த்த கொடி, தண்ணீர் காட்டினால் வரும் என்று நம்பினேன். நம்பியது வீண்போகவில்லை, ஆனால் அதற்குள் நான் செய்த தப்புகள் கொஞ்சநஞ்சமல்ல.

முதல் தப்பு நாற்றுப் பண்ணையில். ‘மாதவிக் கொடி இருக்கா?’ என்று கேட்டேன். ‘இருக்குண்ணே’ என்று ஒரு பையை எடுத்துக் கொடுத்தார்கள். ஆறே மாதத்தில் சரசரவென்று ஏறியது. எனக்கு ஒரே பெருமை. பூத்த பிறகுதான் தெரிந்தது, அது ரங்கூன் மல்லி. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஸாகி, அப்புறம் சிவப்பாகிற நீளக் குழல் பூ. வடக்கே அதை மதுமாலதி என்பார்கள், குருக்கத்தியை மாதவிலதா என்பார்கள். இரண்டு பெயரும் விற்பவர்கள் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. பூ இல்லாத நேரத்தில் வாங்குகிறவர்கள் இலையைத் தடவிப் பாருங்கள். ரங்கூன் மல்லி இலை மெல்லியது. குருக்கத்தி இலை தடித்து, தோல் மாதிரி இருக்கும். எதிரெதிராக இரண்டிரண்டு இலை, கொழுந்து செம்பு நிறத்தில் வரும். ‘ஹிப்டேஜ் பெங்காலென்சிஸ்’ என்று எழுதிக் காட்டிக் கேட்பது இன்னும் நல்லது. ரங்கூன் மல்லியை வீசவில்லை. வாசல் பக்க இரும்புக் கேட்டில் இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது. அது பாவம், என்ன தப்பு செய்தது?

உண்மையான குருக்கத்தி தென்காசியில் கிடைத்தது. என் மைத்துனர் குடியிருக்கும் தெருவில் ஒரு பழைய வீட்டுத் தோட்டத்தில் இருந்தது. வீட்டுக்காரர் கொப்பு தர உடனே சம்மதித்தார். முதலில் பென்சில் பருமனில் பன்னிரண்டு போத்து வெட்டி வந்து மணலில் நட்டேன். ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை, மூன்றாவது வாரத்தில் எல்லாம் கறுத்துப்போயின. வேர் ஊக்கி மாவு தொட்டு வைத்திருந்தால் ஒன்றிரண்டு பிழைத்திருக்கும். அடுத்த முறை விண்பதியம் போட்டேன், அதாவது கொப்பை வெட்டாமல் கொடியிலேயே வேர் பிடிக்க வைப்பது. 2017 ஜூலையில், தென்காசியில் சாரல் அடிக்கும் நேரம். சுண்டுவிரல் பருமனான நாலு கொப்புகளில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையைச் சுற்றி உரித்து, உள்ளே வழுவழுப்பாக இருக்கும் பச்சைப் படலத்தையும் கத்தி முதுகால் சுரண்டி எடுத்தேன். அதை விட்டுவைத்தால் பட்டை மறுபடி ஒட்டிக்கொள்ளும், வேர் வராது. நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவை ஒரு கைப்பிடி வைத்துப் பாலித்தீன் சுற்றி இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்றில் வெள்ளை வேர் பாலித்தீனுக்குள் சுருண்டு தெரிந்தது. நாலாவதில் எறும்பு குடியேறியிருந்தது.

மூன்றில் ஒன்றை ஐப்பசி மழைக்கு முன்னால் ஊரில் நட்டேன். மீதி இரண்டும் மைத்துனர் வீட்டிலேயே தொட்டியில்.

குழி வெட்டின கதையைச் சொல்ல வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் என்று திட்டம். ஓரடிக்குக் கீழே கடப்பாரை ணங்கென்றது. செம்புறைக்கல்லாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வெள்ளையாகப் பாளம் பாளமாக வந்தது. எந்தக் காலத்திலோ பின்கட்டுச் சுவரைச் செப்பனிட்டபோது இடித்த சுண்ணாம்புக் காரையை அங்கேயே கொட்டி மூடியிருக்கிறார்கள். குழி வெட்டியவர், ‘அண்ணே, இதெல்லாம் மண்ணோட மண்ணாப் போயிரும்’ என்றார். எனக்கும் மதிய வெயில், பசி வேறு. குழிக்குள் இருந்ததை மட்டும் அள்ளிவிட்டு, சுற்றிலும் இருந்ததை அப்படியே விட்டேன். கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்) நாலு கூடை, மக்கிய சாணம் இரண்டு கூடை, வேப்பம்புண்ணாக்கு ஒரு கிலோ போட்டு நட்டாயிற்று.

பந்தலுக்குச் சவுக்குக் கம்பு. ஆறு கம்பு, மேலே மூங்கில், தேங்காய்நார்க் கயிறு. ஒரே நாள் வேலை, செலவும் குறைவு. எங்கள் ஊர் மண்ணில் கரையானைப் பற்றித் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். அடியில் தார் பூசச் சொல்லி ஆத்தாகூடச் சொன்னார், எனக்குத்தான் மறந்துபோயிற்று. 2018 நவம்பர் 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டையைப் புரட்டிப் போட்டுவிட்டு எங்கள் பக்கமும் வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் பந்தல் கிணற்று மேடையில் கிடந்தது. கம்புகள் எல்லாம் தரைமட்டத்தில் ஒடிந்திருந்தன. ஒடிந்த இடத்தில் மரமே இல்லை, வெளித்தோல் மட்டும், உள்ளே மண். புயல் இல்லாவிட்டாலும் பொங்கலுக்குள் விழுந்திருக்கும். கொடி இரண்டடி உயரத்தில் கிழிந்து தொங்கியது. கிழிந்ததைக் கூரான கத்தியால் சாய்வாக அறுத்துவிட்டு விட்டுவிட்டேன். மார்கழியில் அடியிலிருந்து மூன்று துளிர் வந்தது. ஒரு வருடம்தான் ஆன வேர், ஆனாலும் அதற்கு அவ்வளவு பிடிமானம்.

இரண்டாவது பந்தலுக்கு அவசரப்படவில்லை. கட்டைக்கொடிக்குப் பந்தல் போடும்போது இன்றைக்கு இருக்கும் கொடியைப் பார்க்கக்கூடாது, பத்து வருடம் கழித்து அது என்ன கனம் கனக்கும் என்று பார்க்க வேண்டும். குருக்கத்தி இலையை உதிர்க்காத கொடி. ஐப்பசி மழையில் நனைந்தால் அத்தனை இலையும் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நிற்கும். காற்றும் சேர்ந்தால் பாய்மரம்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீட்டுக் கதவு, தூண், பீங்கான், சாப்பாட்டுக் கேரியர் எல்லாம் கிடைக்கும். அங்கே விசாரித்தபோது, பக்கத்து ஊரில் இடிபட்ட ஒரு வீட்டின் மாட்டுக்கொட்டகைக் கல்லுக்கால்கள் இருப்பதாகச் சொன்னார்கள். தேக்குத் தூணுக்கு ஆள் போட்டி போட்டு வருவார்கள், கல்லுக்காலை யார் கேட்பார்கள்? பத்தடி நீளத்தில் நாலு வாங்கினேன். வாங்கும்போது கொஞ்சம் நெஞ்சைக் கரித்தது. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு நான் சின்ன வயதில் போயிருக்கிறேன்.

நட்ட விவரம் இது. ஒவ்வொரு காலும் இரண்டரை அடி மண்ணுக்குள். அடியில் அரை அடி ஜல்லி, சுற்றிலும் கான்கிரீட். தரைக்கு மேல் ஏழரை அடி. கொடி கீழே தொங்கிப் பூக்கும், அதனால் தலை இடிக்காத உயரம் வேண்டும். கால்களுக்கு இடையில் நீளவாக்கில் பன்னிரண்டடி, அகலவாக்கில் பத்தடி. மேலே சட்டம் இரண்டு அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், நடுவில் ஒன்றரை அங்குலக் குழாய் இரண்டடிக்கு ஒன்று. கல்லின் தலையில் துளை போட்டுப் போல்ட் இறக்கியது கல்தச்சர் ஒருவர். அரை நாளில் நாலு கல், ஒரு விரிசல் இல்லை. குழாய்களை வெல்டிங் அடித்தோம், அங்கேதான் சறுக்கல். ஜிஐ குழாயில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். மேலே வெள்ளி பெயிண்ட் ஒரு கை அடித்துவிட்டுப் போனார்கள், மறு வருடமே இணைப்பு ஒவ்வொன்றிலும் துரு. கொடி மூடிய பிறகு அங்கே பிரஷ் போகாது. இப்போது செய்தால் நான் குறுக்குக் குழாய்களை யு-கிளாம்ப் போட்டு முடுக்குவேன். வெல்டிங்தான் வேண்டுமென்றால் துருவைத் தேய்த்துத் துத்தநாக பிரைமர் இரண்டு கை அடித்த பிறகுதான் கொடியை மேலே விட வேண்டும்.

சுவரிலிருந்து ஆறடி தள்ளித்தான் பந்தல். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் கடுக்காயும் சேர்த்துத் தேய்த்த பூச்சு. நூறு வருடம் பளபளக்கும், ஆனால் இலை உரசி ஈரம் நின்றால் கொப்பளித்துவிடும். குருக்கத்திக்குச் சுவரில் ஒட்டும் வேரும் கிடையாது, சுரைக்கொடி மாதிரிப் பற்றுச்சுருளும் கிடையாது. தண்டையே சுற்றிச் சுற்றி ஏறும். அதனால் சுவரை ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். சுவரைச் செய்யவில்லை, ஓட்டைச் செய்தது. 2020 கார்த்திகையில் இரண்டாம் கட்டில் ஒழுகியது. ஏறிப் பார்த்தால் ஒரு நீளக் கொழுந்து ஆறடி இடைவெளியைத் தாண்டித் தாழ்வாரத்து நாட்டோட்டுக்குக் கீழே நுழைந்து, நாலு வரிசை ஓட்டைத் தூக்கி வைத்திருந்தது. அதிலிருந்து மாதம் ஒரு முறை வீட்டுப் பக்கத்தைச் சுற்றிப் பார்ப்பது கட்டாயம்.

கொடியைப் பழக்கியது எளிது. மூன்று துளிரில் திடமான ஒன்றை மட்டும் வைத்து மற்றதைக் கிள்ளினேன். அதைக் கல்லுக்கால் ஓரமாக ஏற்றி, மேலே சட்டத்தைத் தொட்டதும் நுனியைக் கிள்ள, நாலைந்து கிளை பிரிந்தது. ஒவ்வொன்றையும் ஒரு மூலைக்கு இழுத்துக் கட்டினேன். கட்டியது பழைய வேட்டிக் கிழிசலால், எட்டு மாதிரி முறுக்கி, தளர்வாக. ஒரே ஓர் இடத்தில் கைக்கு அகப்பட்டதென்று கட்டுக்கம்பியால் கட்டினேன், இரண்டு வருடத்தில் கம்பி பட்டைக்குள் போய்விட்டது. அந்தக் கிளை இன்றைக்கும் மற்றதைவிட இளைப்பு.

இனி அந்தச் சுண்ணாம்புக் காரைக்கு வருகிறேன். 2019 கடைசியில் இருந்தே புதுக் கொழுந்துகள் மஞ்சளாக வந்தன. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளிர். கீழே இருந்த பழைய இலைகள் நன்றாகவே இருந்தன. உரம் போதவில்லை என்று சாணம் கொட்டினேன், மாறவில்லை. தண்ணீர் கூட என்று குறைத்தேன், நுனி கருகியது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து மதுரைக்குத் திரும்ப முடியாமல் ஊரிலேயே மாட்டிக்கொண்டேன். வேறு வேலை இல்லை, கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோண்டினேன். வேர் குழியைத் தாண்டிக் காரைக்குள் புகுந்திருந்தது. ஒரு கட்டியை எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்தேன், சுர்ரென்று நுரைத்தது. மண்ணோடு மண்ணாகப் போகவில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. புதுக் கொழுந்து முதலில் வெளுப்பது அதனால்தான். கிணற்று நீர் வறண்ட மாதங்களில் ஊற்றிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் உப்பு, அதுவும் சேர்ந்துகொண்டது.

இரண்டு வருடச் செடியைப் பெயர்த்து நட மனமில்லை. கொடியைச் சுற்றி இரண்டடி தள்ளி அரைவட்டமாகப் பள்ளம் எடுத்து, காரையைக் கூடை கூடையாக அள்ளி, கரம்பையும் இலைமக்கும் நிரப்பினேன். மறு பக்கத்து அரைவட்டத்தை அந்த வருடம் ஆவணியில். இரண்டையும் ஒரே சமயத்தில் வெட்டினால் பாதி வேர் போயிருக்கும். அதுவரைக்கும் தாங்க, அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து, ஒரு மூடி எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் கொழுந்தில் தெளித்தேன், பத்து நாளைக்கு ஒரு முறை. மண்ணில் கொட்டினால் காரை அதையும் கட்டிப்போட்டுவிடும், இலையில்தான் தெளிக்க வேண்டும். தெளித்த அன்று ஆத்தங்குடிக் கல் பாவிய தாழ்வாரத்தில் நாலு சொட்டு விழுந்துவிட்டது. அந்தத் துருக்கறை இன்னும் போகவில்லை. வீட்டில் யார் வந்தாலும் என் மனைவி அதைக் காட்டுவாள்.

தண்ணீருக்கு நிரந்தர வழி கூரையிலிருந்தே கிடைத்தது. எங்கள் பக்க வீடுகளில் நாலு பக்கக் கூரை மழையும் வளவில், அதாவது நடுமுற்றத்தில்தான் விழும். அண்டாவில் பிடித்தது போக மீதி வடிகால் வழியாக வெளியே போகும். இரண்டாம் கட்டு வடிகாலில் மட்டும் நாலு அங்குலப் பிவிசி குழாய் சேர்த்து, ஒரு சின்னச் சகதித் தொட்டி வைத்து, கொடிக்கு மூன்றடி தள்ளி ஜல்லி நிரப்பிய குழியில் விட்டேன். ஒரு பங்காளி அண்ணன், ‘ஊருணிக்குப் போற தண்ணிய மறிக்கிறியாடா?’ என்று சண்டைக்கே வந்துவிட்டார். நியாயமான கேள்விதான். குழி நிறைந்ததும் மீதி பழைய வழியில் போகும்படி குழாயில் ஒரு கிளை வைத்துக் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார். ஐப்பசி, கார்த்திகையில் நிறைகிற அந்தக் குழியின் ஈரம் மாசி வரைக்கும் வருகிறது. மழைநீர் இறங்கினதில் மண்ணின் உப்பும் கழுவிப் போயிற்று. பங்குனியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு நாலு குடம். தரையில் அரை அடி கனத்துக்குச் சருகு மூடாக்கு. ஈரக்காட்டுக் கொடிக்கு மேலே வெயில் பட்டாலும் பரவாயில்லை, காலடி குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

2021 தையில் பூத்திருக்க வேண்டியது. பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது பந்தல் பரட்டையாக இருக்கிறதென்று நானே ஏணி போட்டு ஏறி, சீராகக் கத்தரித்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. அந்த வருடம் நாலே நாலு கொத்து. கொப்பு நுனியிலும் இலைக்கக்கத்திலும்தான் பூ, நான் வெட்டி எறிந்தது அத்தனையும் பூ வரவேண்டிய கொப்பு.

2022 மாசியில்தான் முழுதாகப் பூத்தது. முந்தின நாள் இரவே வாசனை வளவு வரைக்கும் வந்துவிட்டது. மல்லிகை மாதிரி தலைக்கு ஏறுகிற வாசனை இல்லை, பழுத்த பழமும் தேனும் கலந்தது மாதிரி. பூவைக் கையில் எடுத்தால் ஐந்து இதழ், ஓரமெல்லாம் நறுக்கிவிட்ட பட்டுக் குஞ்சம் மாதிரி. நாலு இதழ் வெள்ளை, லேசான ரோஸ் சாயல். ஐந்தாவதில் மட்டும் மஞ்சள். பத்துக் கேசரத்தில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நீளமாக வளைந்து நிற்கும். விடிந்ததும் கருவண்டுகள் ரீங்காரம், ஏதோ மோட்டார் ஓடுவதுபோல. தோட்டத்து பார்படாஸ் செர்ரிச் செடியின் பூவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே கிழிந்த இதழ் ஓரம். இரண்டும் ஒரே குடும்பம், மால்பிகியேசி.

பூ உதிர்ந்ததும் மூன்று சிறகுள்ள காய். நடுச்சிறகு நீளம், பக்கத்துச் சிறகு இரண்டும் குட்டை. காய்ந்ததும் காற்றாடி மாதிரிச் சுழன்று பறக்கும். ஹிப்டேஜ் என்ற பேரே ‘பறத்தல்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். முதல் வருடம் அதை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆவணி மழைக்குப் பிறகு மொட்டைமாடிக் காரை விரிசலில், வளவு வடிகாலில், கிணற்றுச் சுவரில், எங்கு பார்த்தாலும் கன்று. இந்தக் கொடி மொரிஷியஸ், ரீயூனியன் தீவுகளுக்குப் போய் அங்கே காட்டையே மூடிவிட்டது. உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிர்கள் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. இங்கே அது சொந்த ஊர்க்காரன்தான், ஆனாலும் பங்காளி வீட்டு மாடி விரிசலுக்குள் வேர் விட்டால் சொந்தமெல்லாம் பேசாது.

அதனால் இப்போது கவாத்து நேரம் பங்குனி. பூ முடிந்து, காய் பச்சையாக இருக்கும்போதே. அந்த வருடம் பூத்த கொப்புகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுகிறேன். நெருக்கமான இடத்தில் பழைய கிளை ஒன்றை அடியோடு ரம்பத்தால் எடுக்கிறேன். போன முறை வெட்டியது ஒரு மாட்டுவண்டிப் பாரம் இருக்கும். காயோடு இருந்ததைத் தனியாகப் பொறுக்கி அடுப்புக்குப் போட்டேன், இலையை மூடாக்குக்கு. ஆடிக்குள் பந்தல் மறுபடி மூடிவிடும். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் நீளுகிற கொழுந்தைக் கிள்ளுவதோடு சரி, கத்தரியைத் தொடுவதில்லை.

பொட்டலாகக் கிடந்த இடத்தில் இப்போது மதியம் கயிற்றுக்கட்டில் போட முடிகிறது. சண்டைக்கு வந்த அண்ணன் அங்கேதான் பேப்பர் படிக்கிறார். வடமேற்கு மூலையில் ஒரு குறுக்குக் குழாய் துருவில் இற்றுப்போயிருக்கிறது, தட்டினால் பொத்தென்ற சத்தம். அதை மாற்ற அந்தப் பக்கத்துக் கிளை இரண்டை இறக்க வேண்டும். இப்போது அதில் மொட்டு வந்துவிட்டது. கீழே ஒரு சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன், இந்த முறை அடியில் தார் பூசி. வெல்டருக்குப் பங்குனி பத்தாம் தேதிக்கு மேல் வரச் சொல்லியாயிற்று.